இரண்டாம் ரிவியூவர்

புதுப்பட்டினத்தில் நான் மாடியில் குடியிருக்கிறேன், வீட்டுக்காரம்மா கீழே இருக்கிறார். காலையில் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்து குழாயடியில் கூடையைக் கழுவுவார். ஜன்னலோரம் லேப்டாப்பும் நானுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கே பொறுக்காமல் போயிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாந்து கேட்டார்.

"இன்னா டீச்சர், லீவு நாள்ல கூட எழுதிகினே கீற. யாரு படிக்கிறாங்க இத்தயெல்லாம்?"

"ஒருத்தர் படிக்கிறார்க்கா" என்றேன்.

"ஒரே ஒருத்தரா? அதுக்கா இம்மாம் பேஜாரு?"

சிரித்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் பொய் சொல்லவில்லை. அந்த ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் காமர்ஸ் பேராசிரியர் நான். தனி ஆள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களெல்லாம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். என் ஆராய்ச்சி ஆடிட்டர்களைப் பற்றியது. ஒரு கம்பெனி இன்னொரு வருஷம் தாங்காது என்று ஆடிட்டருக்குத் தோன்றினால் அதை அறிக்கையில் எழுத வேண்டும். எழுதினால் கம்பெனி அன்றே படுத்துவிடும், எழுதாவிட்டால் இவர் பொய் சொன்னவராகிவிடுவார். அந்தச் சந்தேகம் வந்த பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக திருச்சிக்குப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டோர ஆபீஸ்களில் ஏறி இறங்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கருங்குழியில் ஒரு ஆடிட்டர், தன் அறிக்கையைப் பற்றிப் பேசப் பேச, ஏ.சி. அறையில் வியர்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது எனக்குப் பெரிய விஷயம். ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். எல்லோரும் டிஃபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

கல்லூரியில் கட்டுரையை எண்ணுவார்கள், படிக்க மாட்டார்கள். கல்லூரிக்குத் தரம் போடும் கமிட்டி வரும் மாதத்தில் துறைத்தலைவர் வாசலில் நின்று, "மேடம், உங்க பேப்பர் எத்தனைன்னு சொல்லுங்க, தலைப்பு அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். சொல்வேன். குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்பினால், எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். அவர்கள் படித்துக் குறைகளை எழுதி அனுப்புவார்கள், அவர்கள் யாரென்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். அவர்கள்தான் ரிவியூவர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி. நான் வழக்கமாக அனுப்பும் ஜர்னலில் முதல் ரிவியூவர் மாறிக்கொண்டே இருப்பார், இரண்டாமவர் மட்டும் மாறவே இல்லை. பெயர் இல்லாவிட்டால் என்ன, குரல் தெரியாதா. பக்கம் பக்கமாக எழுதுவார். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடிப்பார்: பேச ஒத்துக்கொண்டவர்கள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், பேச மறுத்தவர்கள் எங்கே போனார்கள்? கடைசியில், இன்னும் நம்பவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று முடிப்பார்.

முதல் தடவை எரிச்சலில் லேப்டாப்பை அறைந்து மூடினேன். போகப் போக அந்த அறிக்கைக்காகவே எழுதத் தொடங்கினேன். கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்கள் காய் வாங்கும் கடையில் வரிசையில் நிற்கும்போது, இந்த வாதத்துக்கு அவர் என்ன சொல்வார் என்று மனசுக்குள் சண்டை போடுவேன். வடக்கே எங்கோ ஸ்வெட்டர் போட்ட ஒரு கடுகடுப்பான கிழவர் என்று நானே ஒரு உருவமும் கொடுத்து வைத்திருந்தேன். என்னை இவ்வளவு கவனமாக வேறு யாரும் கேட்டதில்லை, வீட்டு மனிதர்கள்கூட. இதை இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்த வருஷக் கட்டுரையை முடித்தபோது அது எனக்கே திருப்தியாக இருந்தது. மறுத்தவர்களைப் பற்றி நானே ஒரு நீண்ட பத்தி எழுதியிருந்தேன். இத்தனை வருஷம் அவர் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. அனுப்பப் போகும் நேரத்தில் ஒரு பயம் வந்தது. குறையே இல்லாவிட்டால் அவர் எதை எழுதுவார்? ஒரு வரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போய்விட்டால்? அந்தப் பத்தியை வெட்டி எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, ஓட்டையோடு கட்டுரையை அனுப்பினேன். அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன், இன்னொரு சுற்று கடிதம் போய் வரும். படித்த பைத்தியம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

பதில் வருவதற்குள் மாமல்லபுரத்தில் ஒரு கருத்தரங்கு வந்தது. கடலைப் பார்த்த ரிசார்ட், சணல் பை, பேட்ஜ் எல்லாம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என் முறை. பிரியாணி சாப்பிட்ட கையோடு பாதிப் பேர் கோயில் பார்க்கப் போய்விட்டார்கள், மீதிப் பேர் அறையில் தூங்கப் போய்விட்டார்கள். ஹாலில் அமர்வின் தலைவர், மைக் செட்காரர், பின்வரிசையில் ஒரு வயதான பெண்மணி, அவ்வளவுதான். அதே கட்டுரையைத்தான் சுருக்கிப் பேசினேன், அதே ஓட்டையோடு.

முடித்ததும் அந்த அம்மா கை தூக்கினார். பேச மறுத்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். அவர்களைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது, நேரம் போதாமல் விட்டேன் என்று உளறினேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "இன்னும் நம்பவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

தலைவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இவர்தான் என் இரண்டாம் ரிவியூவர், கட்டுரை இவர் கையில்தான் இருக்கிறது, படித்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ இடைவேளையில் கப்பை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பிஸ்கட் தட்டைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தார்.

"எந்தக் காலேஜும்மா நீங்க?"

சொன்னேன். அந்தப் பக்கமெல்லாம் இப்போது ரொம்ப நெரிசலாமே என்றார்.

"நிறைய ரிவியூ பண்ணுவீங்களா மேடம்?" என்று, ஏதோ பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"பண்ணினேம்மா. கண் ஆபரேஷன் சரியா அமையல. போன வருஷத்தோட எல்லா ஜர்னலுக்கும் எழுதிப் போட்டுட்டேன், இனி அனுப்பாதீங்கன்னு. இங்ககூட என் பொண்ணு ஊர் பாக்க வந்தா, நான் சும்மா காதால கேக்கலாம்னு கூட வந்தேன்."

அவருக்கு என் கட்டுரை போகவே இல்லை. வேறு யாரிடமோ இருக்கிறது.

நீங்கள்தான் அவர் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான்தான் அந்த ஆடிட்டர் கட்டுரைக்காரி என்று சொல்லியிருக்கலாம். போன் நம்பராவது வாங்கியிருக்கலாம். ஆனால் ரிவியூவர் யாரென்று தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய மரியாதை. அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு, கடல் காற்றில் உப்பு அதிகம், அலுமினிய ஜன்னல்கூட அரித்துவிடுகிறது என்று பேசிக்கொண்டிருந்தேன். அவரும் கேட்டுக்கொண்டார். மகள் வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். கார் ஈ.சி.ஆர். ரோட்டில் திரும்பும்வரை நின்றுவிட்டு, கல்பாக்கம் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஜர்னலிலிருந்து மெயில் வந்தபோது வகுப்பில் இருந்தேன். ஏற்கப்பட்டது. இரண்டாம் ரிவியூவர் எழுதியிருந்தது மூன்று வரி: நல்ல தலைப்பு, தெளிவான நடை, திருத்தம் தேவையில்லை. துறைத்தலைவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மதியம் ஸ்டாஃப் ரூமில் பப்ஸ் வாங்கி வைத்தார்கள். எல்லோரும் கை குலுக்கினார்கள். எனக்கு யாரோ செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது, செத்தது யாரென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

எடுத்து வைத்திருந்த பத்தியை ஜர்னலின் ஆசிரியருக்கு அனுப்பி, இது இல்லாமல் அச்சிடாதீர்கள் என்று எழுதினேன். ரிவியூவர்கள் இருவருமே கேட்கவில்லையே, இருந்தாலும் உங்கள் விருப்பம் என்று பதில் வந்தது. சேர்த்தார்கள்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. கட்டுரையின் அடியில் நன்றிக்கு இரண்டு வரி இடம் தருவார்கள். பெயர் போட முடியாது. பெயர் தெரியாத ரிவியூவர்களின் ஆழ்ந்த வாசிப்புக்கு நன்றி என்று எல்லோரும் எழுதுவதைத்தான் நானும் எழுத முடியும். படிக்கிறவர்களுக்கு அது அந்த மூன்று வரிக்காரருக்கான நன்றி. அவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். அதை டைப் அடித்து அனுப்பிவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அழுதேன்.