ஒரு போல்ட் குறைந்த சக்கரம்

கலாசார மண்டபத்துக்குள் நுழைந்ததும் இம்ரிக்கின் கண் தேடியது தன் டாங்கியை அல்ல, சகலை சிரிலுடைய டாங்கியை. முந்தின நாளே எல்லாரும் தாங்கள் செய்த மாதிரி வண்டிகளைக் கொண்டுவந்து ஒப்படைத்திருந்தார்கள். எதை எந்த மேசையில் வைப்பது என்பது நடுவர்கள் பாடு. இம்ரிக்குடையதை நடு மேசையில், ட்யூப் லைட்டுக்குக் கீழே வைத்திருந்தார்கள். சிரிலுடையது ஜன்னலோர மேசையில் இருந்தது. ஏப்ரல் வெயில் அதன்மேல் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு கொக்கியையும் தனித்தனியாக எடுத்துக் காட்டியது.

“பாத்தியா?” என்று மனைவி ஒட்டிலியாவிடம் கேட்டார் இம்ரிக். “அவனுக்கு ஜன்னல். எனக்கு ட்யூப் லைட்டு.”

“வந்து இன்னும் கோட்டக்கூடக் கழட்டல. அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா இம்ரோ?”

இந்தப் புகைச்சல் இன்று நேற்று வந்ததல்ல. ரயில்வே கேட்காரர் மத்தேய்க்கு இரண்டு பெண்கள், ஆண்பிள்ளை கிடையாது. மூத்தவள் ஒட்டிலியாவை இம்ரிக் கட்டினார், இளையவள் ஹெர்மினாவைச் சிரில் கட்டினார். இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே டாங்கித் தொழிற்சாலையில் வேலை. இம்ரிக் வெல்டர், சிரில் லேத்தில். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாமனார் கண்ணை மூடுகிற நேரத்தில், தன் அப்பா காலத்து இரும்பு வைஸை, பட்டறை மேசையில் பொருளைக் கவ்விப் பிடிக்கிற, குட்டிச்சுவர் கனம் கனக்கும் அதை, “சிரிலுக்குக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இம்ரிக்குக்கு வந்தது ஒரு சுவர்க் கடிகாரம். அதுவும் ஓடாத கடிகாரம். முப்பத்தோரு வருஷமாக அது வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. இம்ரிக் நிமிர்ந்து பார்த்தால் அதில் முள் தெரிவதில்லை, வைஸ்தான் தெரிகிறது.

டாங்கி செய்வதைத் தொழிற்சாலை நிறுத்தியபின், பெரிதாகச் செய்ததைச் சிறிதாகச் செய்யலாமென்று முதலில் ஆரம்பித்தது இம்ரிக்தான். இதைக் கேட்காதவர்களுக்கும் அவர் சொல்லுவார். ஒரு ஈஸ்டர் சாப்பாட்டின்போது அவருடைய பாதி முடிந்த டாங்கியைக் கையில் வாங்கி, “நல்லாருக்கே சகல” என்று சொல்லிவிட்டுப் போன சிரில், அடுத்த ஈஸ்டருக்குள் தானே ஒன்று செய்து காட்டினார். அதுதான் நன்றாக இருந்தது.

இவர்கள் கடையில் பெட்டி வாங்கி, எண் பார்த்து ஒட்டுகிற ரகம் இல்லை. மீன் டின் தகடு, தயிர் டப்பா, தாமிரக் கம்பி, தீர்ந்துபோன பேனா ரீஃபில், மருந்து ஊசி இவற்றிலிருந்து வண்டியை எழுப்புகிறவர்கள். நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஒரு வண்டிக்கு ஒரு வருஷம் பிடிக்கும். எல்லாமே சொந்தக் கையால் செய்தவர்களுக்கென்று போட்டியில் ஒரு தனிப் பிரிவு உண்டு. ஒன்பது வருஷத்தில் ஏழு முறை அதில் முதலாவது சிரில், இரண்டாவது இம்ரிக். மீதி இரண்டு முறை இம்ரிக் முதலாவது. ஆனால் ஒரு முறை ஹெர்மினாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன், இன்னொரு முறை சிரிலின் அண்ணன் சாவு, சிரில் வரவில்லை. அந்த இரண்டையும் இம்ரிக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிரில் அதே மேசையில் நிற்க, சிரில் பார்த்துக்கொண்டிருக்க, அவரைத் தோற்கடிக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். போன வருஷமும் தோற்ற பிறகு அவர் சிரில் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஒட்டிலியா மட்டும் தங்கையைப் பார்க்கப் போய் வந்தாள்.

இந்த வருஷம் அவர் செய்தது பாலம் சுமக்கும் டாங்கி. சிரில் செய்திருந்தது, பழுதான டாங்கியை இழுத்துப் போகிற டாங்கி. இரண்டுக்கும் மேல்பாகம்தான் வேறு, அடிவண்டி ஒன்றே. ஆக, சரிசமமான போட்டி.

எங்கள் ஊர்ப் போட்டியில் யாரும் சும்மா பார்ப்பதில்லை. ஆளுக்கொரு சின்ன டார்ச் கையில் இருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, பிறகு ஒரு கையை மட்டும் விடுவித்து, வண்டியின் வயிற்றுக்கு அடியில் வெளிச்சம் அடிப்பார்கள். குறை தேடுகிற வெளிச்சம் அது. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும், எது எதிலிருந்து செய்தது என்று அவரவர் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று இருக்கும். சிரிலின் சீட்டை இம்ரிக் ஒருநாளும் படித்ததில்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே தனக்குச் சாப்பாடு செரிக்காது என்பார்.

தலைமை நடுவர் சக்கார், பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் குரல் ஜன்னல் பக்கமிருந்து கேட்டது.

“இங்க வாங்கய்யா எல்லாரும். இந்தச் சக்கரத்தப் பாருங்க. நானும் இருபது வருஷமா நடுவரா இருக்கேன், இப்படி ஒரு சக்கரம் பாத்ததில்ல. ரப்பர் தேஞ்ச மாதிரியே சீவியிருக்கான் பாருங்க!”

பத்துப் பேர் குனிந்தார்கள். பத்து டார்ச் எரிந்தது. நடு மேசையில் இம்ரிக்கின் டாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளும் டார்ச்சை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

இம்ரிக் கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். பிறகு போய்க் குனிந்தார். சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. அநியாயத்துக்கு நன்றாக இருந்தது. ஏதாவது குறை இருக்குமென்று நடுமூடியின் போல்ட்டுகளை ஒவ்வொரு சக்கரமாக எண்ணிக்கொண்டு வந்தார். இடது பக்கம் நாலாவது சக்கரத்தில் ஒரு போல்ட் குறைந்தது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்தான். மறுபடி எண்ணினார். போல்ட் இல்லாத இடத்தில் ஊசிமுனைக் குழி ஒன்று இருந்தது. அந்தக் குழி அவருக்குத் தெரியும். அவரே போட்ட குழி.

போன வருஷம் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, அடுத்த டாங்கிக்கென்று அவர் குளிர்காலம் முழுக்கச் செய்துவைத்த பத்துச் சக்கரங்கள் பட்டறை மேசையில் இருந்தன. எடுத்துப் பார்த்தால் ஒன்றில் ஒரு போல்ட் ஒட்ட விட்டுப்போயிருந்தது. அதை ஒட்டக் கால் மணி நேரம் போதும். ஆனால் அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் பத்தையும் வழித்துச் சாம்பல் வாளியில் கொட்டிவிட்டார். பிறகு புதிதாகப் பத்துச் செய்தார். புதியவை மோசமில்லை. ஆனால் பழையவை மாதிரி வரவில்லை. அது அவருக்கே தெரியும்.

ஒட்டிலியா வெளியே, கடுகுச் சாந்து தடவிய சாசேஜ் வாங்குகிற வரிசையில் நின்றிருந்தாள்.

“என் சக்கரம் அவன் வண்டியில எப்படி வந்துச்சு?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உன் சக்கரமா? குப்பையில கெடந்த சக்கரம்னு சொல்லு.”

“ஒட்டிலா!”

“நான்தான் குடுத்தேன். ஊறுகாய் ஜாடியில போட்டுக் கொண்டுபோயி தங்கச்சிகிட்டக் குடுத்தேன். வேணும்னா எடுத்துக்கட்டும்னு. நீ கொட்டுன பொருளுக்கு உன்கிட்ட என்ன அனுமதி?”

“எல்லாரும் அவன் சக்கரம் அவன் சக்கரம்னு சொல்றாங்கடி!”

“கத்தாத. உனக்கு ரொட்டி வேணுமா வேண்டாமா?”

அவர் ரொட்டிக்கு நிற்கவில்லை. நேராக உள்ளே போய், நடுவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்த மேசையில் கையை ஊன்றினார். மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். ஹெர்மினாவும் சிரிலும் அந்தப் பாதியில் இருந்தார்கள்.

“தலைவரே, ஒரு புகார். ஜன்னலோரத்துல இருக்கே, அந்த டாங்கியோட சக்கரம் அவன் செஞ்சதில்ல. நான் செஞ்சது. பத்தும். எடது பக்கம் நாலாவதுல ஒரு போல்ட் இல்ல, போயி எண்ணிப் பாருங்க. அது என் தப்பு. என் தப்பு எனக்குத் தெரியாதா? சொந்தக் கையால செய்யறதுதான இந்தப் பிரிவு? அவன வெளிய எடுங்க.”

சக்கார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எந்தப் பிரிவு?”

“இதுதான்! நம்ம பிரிவு!”

“இம்ரிக், அவன் சீட்டப் படிச்சியா?”

“நான் எதுக்குப் படிக்கணும்?”

சக்கார் எழுந்துபோய், டாங்கிக்குப் பின்னாலிருந்த சீட்டை எடுத்துவந்து இம்ரிக்கின் கையில் கொடுத்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. சிரிலின் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பார்கள். இது நடுங்கி நடுங்கி எழுதிய எழுத்து.

‘உடல், மீன் டின் தகடு. இழுவைக் கயிறு, தாமிரக் கம்பி முறுக்கியது. சக்கரங்கள் பத்தும் என் சகலை இம்ரிக் செய்தவை. சின்ன வேலை இனி என் விரலுக்கு முடியாது.’

“அடுத்தவங்க கை பட்ட வண்டிக்குத்தான் இந்த வருஷம் ஜன்னல் மேசை” என்றார் சக்கார். “கூட்டு வேலை. அவனாத்தான் கேட்டான், அங்க வெச்சோம். இந்த வருஷம் அவன் உன்கூடப் போட்டியே போடல. உன் பிரிவுல நீதான் மொதல். அரைமணி முன்னாடியே முடிவெழுதியாச்சு.”

யாரோ சிரித்தார்கள். இம்ரிக் சீட்டைப் பிடித்தபடியே நின்றார். முதலாவதாம். சிரில் இல்லாத மேசையில் மூன்றாவது தடவையாக முதலாவது. பித்தப்பை, சாவு, இப்போது விரல். ஏதாவது ஒரு வழியில் இந்த மனுஷன் தப்பித்துவிடுகிறான் என்று நெஞ்சு எரிந்தது.

சிரில் பக்கத்தில் வந்து நின்றார். வலது கையைக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தார்.

“காலையிலேர்ந்து பாத்துட்டே இருக்கேன் சகல. நீ சீட்டப் படிச்சிட்டு வந்து ரெண்டு வார்த்த திட்டுவேன்னு. நீ நடுவர்கிட்டப் போயிட்ட.”

“கை எப்பலேர்ந்து இப்படி?”

“போன வருஷமே ஆரம்பிச்சிருச்சு. ஞாயித்துக்கிழம வந்திருந்தீன்னா தெரிஞ்சிருக்கும். சூப்ப நான் மேசைக்குத்தான் ஊட்டுறேன்.”

“அதுல ஒரு போல்ட் கொறையுதே, தெரியாதா ஒனக்கு?”

“தெரியாம என்ன? அத ஒட்ட மூணு தடவ பாத்தேன். மூணு போல்ட்டும் தரை இடுக்குல போச்சு. ஹெர்மினா ஒட்டுறேன்னா. வேண்டாம், இது அவனோடது, அவனுக்குப் பிடிக்காதுன்னுட்டேன்.”

அது உண்மைதான். பிடித்திருக்காது.

முடிவு வாசித்தார்கள். இம்ரிக்குக்குக் கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள், கை தட்டினார்கள். கூட்டு வேலைப் பிரிவின் கோப்பை சிரிலுக்குப் போனது. பிறகு படம் பிடிக்கிறவர் வந்து, நேராக ஜன்னல் மேசைக்குப் போய், மேசை விளிம்பில் மோவாய் படுகிற அளவுக்குக் குனிந்து, சக்கரங்களை மட்டும் எட்டுப் படம் எடுத்தார். நடு மேசையில் ஒன்று எடுத்தார், அதுவும் நின்றபடியே. இம்ரிக் தன் புதிய சக்கரங்களைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலோரம் இருந்த தன் பழைய சக்கரங்களைப் பார்த்தார். இத்தனை வருஷம் சிரில்மேல் இருந்த பொறாமை இப்போது எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல், தானே செய்த பத்துச் சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

கோப்பையை ஒட்டிலியாவின் கையில் திணித்தார். உள்பையிலிருந்து மிட்டாய் டப்பாவை எடுத்தார். வழியில் எது உதிர்ந்தாலும் ஒட்ட, போட்டிக்கு வருகிற எவரும் அப்படி ஒன்று வைத்திருப்பார்கள். இடுக்கி, பசை, கடுகில் கால்வாசி அளவு போல்ட்டுகள். ஜன்னல் மேசைக்குப் போய் முட்டிபோட்டார்.

“டார்ச்சப் பிடி.”

“கை ஆடுமே சகல.”

“எடது கையால பிடி. அதுவும் ஆடுதா? ரெண்டாலயும் பிடி.”

வெளிச்சம் ஆடியது. ஆடுகிற வெளிச்சத்துக்குள் இம்ரிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு போல்ட்டைக் குழியில் உட்கார வைத்தார். எழுந்திருக்கும்போது மட்கார்டைப் பார்த்து, “தகடு கோணலா இருக்கு” என்றார்.

“உன்னோடது மட்டும்?”

“அடுத்த வருஷம் என்ன செய்யப்போற?”

“தெரியல. எதுவானாலும் சக்கரம் வேணும்.”

“வேற எவன்கிட்டயாவது போயி வாங்கினே, தெரியும் சேதி.”

சொல்லிவிட்டு, கையிலிருந்த சீட்டை வைக்கப் போனார். பின்னால் வைக்கவில்லை. தன் பேர் இருக்கிற பக்கம் வெளியே தெரிகிற மாதிரி, டாங்கிக்கு முன்னால் சாய்த்துவைத்து, இரண்டடி தள்ளி நின்று, படிக்க முடிகிறதா என்று பார்த்தார். படம் பிடிக்கிறவர் இன்னும் மண்டபத்தில்தான் இருந்தார்.