வசந்தனின் பிறந்த திகதி

பரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், மளிகைக் கடைகளுக்கு நடுவே, படிவம் நிரப்பவும் நகலெடுக்கவும் ஒரு சின்னக் கடை இருக்கிறது. போன கிழமை ஓய்வூதியப் படிவம் ஒன்றோடு அங்கே போயிருந்தேன். கண் மங்கிவிட்டது, பிறந்த திகதியில் வருடத்தைப் பிழையாக எழுதிவிட்டேன். கடையில் நின்ற பிள்ளை சிரித்தாள்.

"அங்கிள், இப்பிடி எழுதினா உங்கடை பென்சனை வேறை ஆரும் எடுத்துக்கொண்டு போயிடுவினம்."

அவளுக்கு அது பகிடி. எனக்கோ, நகல் இயந்திரத்திலிருந்து வந்த சூடான தாளின் மணத்தில் ஒரு பாடசாலை அலுவலக அறை திறந்துகொண்டது.

யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் எல்லே அணிக்கு நான் ஒன்பது வருடம் உதவிப் பயிற்றுநராக இருந்தேன். எல்லே தெரியாதவர்கள் அதைப் பேஸ்போலின் ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். மூங்கில் தடியும் ரெனிஸ் பந்தும் போதும். அடித்துவிட்டுச் சுற்றி ஓட வேண்டும். ஓடும்போது எறிந்த பந்து உடம்பில் பட்டால் ஆள் வெளியே. பயிற்றுநரிடம் விசில் இருக்கும். உதவிப் பயிற்றுநரிடம் தண்ணீர் வாளியும் நோவெண்ணெய்ப் போத்தலும் இருக்கும். மைதானத்து வேலிக்கு அப்பால் போன பந்தைப் போய்க் கேட்டு வாங்குவதும் அவர் வேலைதான்.

"மாஸ்டர், படிப்பிக்கிறியளோ, என்ரை பயித்தங்கொடியை மிதிக்கிறியளோ?" என்பார் பக்கத்து வளவு அக்கா. இரண்டும்தான் என்று நான் சொல்வேன். அவர் பந்தைத் தருவார். திட்டையும் சேர்த்துத் தருவார்.

என் கையெழுத்து அழகானது. அதனால் ஆட்டக்காரர் பட்டியலும் வயதை உறுதிசெய்யும் கடிதங்களும் என் பொறுப்பில் இருந்தன. நான் எழுதியதை அதிபர் வாசிக்காமலே கையொப்பம் வைப்பார். அந்த நம்பிக்கையில் எனக்குப் பெருமை உண்டு.

எங்கள் பயிற்றுநர் ஓய்வுபெற இருந்த வருடம், பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டி வந்தது. கிண்ணம் வென்றால் விசில் என் கைக்கு வரும் என்று நினைத்தேன். அணியில் வசந்தனைப் போல ஓட ஒருவரும் இல்லை. முதுகுக்குக் கண் வைத்தவன்போலப் பந்துக்கு விலகி ஓடுவான். ஆனால் அவனுக்குப் பதினேழு தாண்டி மூன்று மாதமாகியிருந்தது. கடிதத்தில் பிறந்த வருடத்தை ஒன்று கூட்டி எழுதினேன்.

எட்டிப் பார்த்த வசந்தன் கேட்டான்: "சேர், இது பிழையில்லையோ?"

"மூண்டு மாசம் தானேடா. நீ ஓட்டத்தைப் பார்."

அவன் ஓடினான். கிண்ணம் வந்தது. விசில் இரசாயனம் படிப்பித்த இன்னொரு மாஸ்டரிடம் போனது. இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் நான் ஒருபொழுதும் யோசிக்கவில்லை.

பிறகு யுத்தம். நான் பரிஸ் வந்து உணவகங்களில் கோப்பை கழுவினேன். ஒருநாள் பின்னேரம் லா சப்பல் மெற்றோப் படியில் யாரோ "சேர்!" என்றார்கள். தாடியும் மெலிந்த கன்னமுமாக வசந்தன்.

தேநீர் குடித்தபடி சொன்னான். ஊரில் வீடு ஷெல்லில் எரிந்தபோது தாய் காப்பாற்றிய ஒரே கடதாசி, கிண்ணம் வென்றதன் நினைவாக அவர் பத்திரப்படுத்திய என்னுடைய கடிதம்தான். அகதி விண்ணப்பத்தோடு அதையே கொடுத்திருக்கிறான். பிறகு ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழின் பிரதி வந்தபோது அதில் வேறு வருடம். எது உண்மை, நீ யார் என்று கேட்டு விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடு மட்டும் மிச்சம்.

"சேர், நீங்கள்தான் மாத்தி எழுதினது எண்டு ஒரு துண்டு எழுதித் தந்தாக் காணும். லோயர் குடுப்பார்."

அப்போது என் பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பம் உள்ளே கிடந்தது. பொய்க் கடிதம் எழுதியவன் என்று நானே கையொப்பம் வைத்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"தம்பி, எனக்கு அது ஞாபகமில்லை."

அவன் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான். "ஓம் சேர். கனகாலம் தானே," என்றான். தேநீருக்கு அவனே காசு கொடுத்தான்.

மேல்முறையீடும் தோற்றது என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்குக் குடியுரிமை கிடைத்தது. அவன் கேட்ட துண்டை நான் கடைசியில் எழுதினேன், பல வருடம் பிந்தி, பிரெஞ்சில், என் அழகான கையெழுத்தில். கொடுக்கத்தான் ஆள் இல்லை. நம்மவர்கள் இருக்கும் புறநகர்களில் தேடினேன்: வில்லியே லே பெல்லில் கேட்டேன். பொண்டியில் கேட்டேன். ஒரு காலத்தில் லா சப்பல் தொலைபேசிக் கடைகளில் ஒரு பெயரைச் சொன்னால் இரண்டு நாளில் ஆள் வந்து நிற்கும். அந்தக் கடைகளும் போய்விட்டன; அவனை அறிந்தவர்களும் கலைந்துவிட்டார்கள்.

அவனோடு ஒரே அறையில் இருந்த ஒருவரை மட்டும் சந்தித்தேன். "அண்ணை, அவன் இப்ப அந்தப் பேரிலை இருக்கமாட்டான்," என்றார். "வேறை ஆற்றையோ விசாக் கார்ட்டிலை வேலைக்குப் போறன் எண்டவன். எங்கை எண்டு சொல்லேல்லை."

அப்படியென்றால் இன்னொருவனின் பெயரும் இன்னொருவனின் பிறந்த திகதியுமாக எங்கோ ஒரு வசந்தன் முதுமையடைந்துகொண்டிருக்கிறான். அவனுடைய உண்மையான திகதி எனக்கு இன்றும் மனப்பாடம். ஒவ்வொரு வருடமும் அந்த நாள் வரும். அன்றைக்கு நான் யாரோடும் பேசுவதில்லை.