நல்ல மனசுள்ள கடைக்காரர்

“செல்லம், ஒரு நிமிஷம் பொறுங்க, பார்த்துச் சொல்றேன்” என்று ஒற்றை விரலால் கைப்பேசியில் எழுதிக்கொண்டே, வாசலில் நிற்கும் கூரியர்காரனைப் பார்த்து யிங் கத்துகிறார்: “மூட்டையைத் தூக்கி எறியாதடா. உன் மாமனார் வீட்டுக் குப்பையா அது?”

கத்துவது வேறு வாய், எழுதுவது வேறு விரல் என்று அவருக்கு ஆகிப்போயிற்று. இருபது வருடம் மீன்பிடி விசைப்படகில் இருந்தவர். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று பழகிய குரல், கரைக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. முதுகு போனதும் படகை விட்டார். சீனக் கடலோர ஊரான வென்லிங்கில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் அறையொன்றை வாடகைக்கு எடுத்து, மனைவி ஆலியேனுடன் இணையத்தில் குளிர்காலச் செருப்பு விற்கிறார். கரடி முகம் வைத்தது, முயல் காது வைத்தது என்று வீட்டுக்குள் போடும் பஞ்சுச் செருப்புகள். கூரை வரை அடுக்கிய முயல் காதுகளுக்கு நடுவே, கருத்துத் தடித்த அந்த மனிதர் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார். டிசம்பரிலும் சிமென்ட் தரையில் வெறுங்கால்தான். “படகுல செருப்புப் போட்டவன் கடலுக்குள்ளதான் போவான்” என்பார்.

ஒவ்வொரு ஜோடியையும் பையில் போடுமுன் உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார். கோந்து வாடை அடித்தால் தனியே எறிந்துவிடுவார். அந்தச் செருப்புகள் ஆலியேனின் அக்கா தங்கைகளுக்குப் போகும். அவர்கள் வீடுகளில் எல்லாருடைய காலிலும் கோந்து வாடை.

அவர் பொருளை விற்றுக் கொடுக்கும் இணையச் சந்தையை யிங் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “மேலிடம்” என்றுதான் சொல்வார். “மேலிடம் விலையைக் குறைக்கச் சொல்லிருச்சு.” “குறைக்கலைன்னா?” என்றேன் ஒருமுறை. “குறைக்கலைன்னா ஒண்ணும் பண்ண மாட்டாங்க வாத்தியாரே. நம்ம கடை எவன் கண்ணுக்கும் தெரியாது, அவ்வளவுதான்.” நான் மேல்மாடியில் குடியிருக்கிறேன், பக்கத்துப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். அதனால் நான் வாத்தியார்.

வாங்குகிறவர் ஏதாவது கேட்டால் மூன்று நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும் என்பது மேலிடத்தின் விதி. தவறினால் அபராதம். குளிக்கும்போது கைப்பேசி பிளாஸ்டிக் பைக்குள் குழாயில் தொங்கும். அவருடைய பெரியப்பா இறந்தபோது, தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு சாவு விருந்தில் உட்கார்ந்திருந்தவர், மேசைக்கு அடியில் “முப்பத்தெட்டு சைஸ் இருக்கு செல்லம்” என்று எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “யாருடா அந்தச் செல்லம்?” என்று கேட்டார். ஆலியேன் அவசரமாகச் சொன்னாள்: “கஸ்டமர் பெரியம்மா. எல்லாரும் செல்லம்தான். என்னைத்தான் அப்படிக் கூப்பிட்டதே இல்ல.” துக்க வீடு சிரித்தது. யிங் தலையைக் குனிந்துகொண்டு சைஸ் முப்பத்தொன்பதுக்குப் பதில் எழுதினார்.

போன குளிர்காலத்தில் மேலிடம் புதிய வழக்கம் ஒன்றைக் கொண்டுவந்தது. பொருளில் குறை என்று வாங்கியவர் ஒரு படம் அனுப்பினால் போதும், காசு உடனே திரும்பிப் போய்விடும், பொருளும் அவரிடமே இருக்கும். கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்பதில்லை. யிங்குக்கு அப்படி நிறையப் போயிற்று. திட்டினார், குடித்தார், மறுநாள் மறந்தார். ஜியாஷிங்கிலிருந்து வாங்கிய ஒருத்தியைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. ஆறு ஜோடி வாங்கினாள். ஒன்றில் தையல் விட்டிருந்ததாகப் படம் அனுப்பினாள். ஆறுக்கும் காசு போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை, இரண்டு நாள் கழித்து ஐந்து நட்சத்திரம் போட்டு, “கடைக்காரர் நல்ல மனசுள்ளவர். கேட்காமலே காசைத் திருப்பித் தந்தார். இந்தக் கடை செழிக்கட்டும்” என்றும் எழுதியிருந்தாள்.

அதை யிங் தெருவுக்கே வாசித்துக் காட்டினார். “காசை அடிச்சதோட விட்டாளா பாரு. நல்ல மனசாம். செழிக்கணுமாம். நக்கலு.”

“விடுய்யா” என்றாள் ஆலியேன்.

“படகுல என் மீனைத் திருடினவன் கையை உடைச்சிருக்கேன். திருடிட்டு வாழ்த்திட்டும் போனவ இவதான்.”

அந்த மாதம் எங்கள் தெருக் கடைக்காரர்கள் ஒரு காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வேறு ஊர்க் கடைக்காரர் ஒருவர், காசையும் பொருளையும் வைத்துக்கொண்டவனின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டி, கெஞ்ச வைத்துக் காசு வாங்கிய காட்சி. லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். யிங் முடிவு செய்துவிட்டார். பொட்டலத்துச் சீட்டில் முகவரி இருந்தது. பெயர் ஷென் ருய்ச்சின்.

“நீங்களும் வாங்க வாத்தியாரே. நான் நியாயம் கேட்டாலும் அடிக்க வந்த மாதிரி இருக்கும். நீங்க பேசுங்க, நான் பின்னாடி நிக்கிறேன்” என்றார். பள்ளி விடுமுறை. போனேன். அவருக்காகப் போனேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். என்ன நடக்கும் என்று பார்க்கிற ஆசையும் இருந்தது.

ரயிலில் இரண்டு பேர் போய்வருகிற கட்டணம் அந்த ஆறு செருப்பின் விலையைவிடப் பல மடங்கு. அது அவருக்கும் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்கப்போவதைச் சொல்லிப் பார்த்தார்: “அம்மா, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?” நடுநடுவே நிறுத்தி, “கரடி முகம் தீர்ந்துபோச்சு செல்லம்” என்று எழுதினார்.

பழைய குடியிருப்பு. லிஃப்ட் இல்லை. ஐந்தாவது மாடிக்கு ஏறும்போது முதுகு வலியில் இரண்டு இடத்தில் நின்றார். கதவுக்கு முன் வந்ததும் கைப்பேசியில் காணொளிப் பதிவைத் தொடங்கிவிட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதன் கேமராக் கண் மட்டும் வெளியே தெரிந்தது. இதை என்னிடம் முன்னே சொல்லவில்லை.

ஏப்ரன் கட்டிய ஒரு வயதான அம்மாள் கதவைத் திறந்தார். காலில் கரடி முகச் செருப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் யிங் அதைப் பார்த்துவிட்டார்.

“இந்தச் செருப்பு எங்க வாங்கினது?”

“மருமக வாங்கிக் குடுத்தா. நீங்க யாரு?”

“செய்யிற இடத்துலேர்ந்து வாங்கி விக்கிறவன். உங்க மருமக காசு குடுக்காம வாங்கியிருக்கா.” பேசிப் பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. படகுக் குரல்தான் வந்தது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மேல்மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

ஈரக் கையோடு உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். நடந்ததைக் கேட்டதும் அவள் முகத்தில் முதலில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

“முயல் கடைக்காரரா? நீங்கதானே காசைத் திருப்பிக் குடுத்தீங்க?”

“நானா?”

அவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்து நீட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். மேலே யிங்கின் கடைப் பெயர், பக்கத்தில் அவருடைய முயல் படம். “செல்லம், மனசு கஷ்டப்படாதீங்க. திருப்பி அனுப்பவே வேண்டாம். முழுக் காசையும் தந்துடட்டுமா?” என்று கடை கேட்டிருந்தது. “ஒரு ஜோடிக்கு மட்டும் தந்தால் போதும்” என்று இவள் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே கடையின் பதில்: “பரவாயில்லை செல்லம். எங்களுக்கு உங்க சந்தோஷம்தான் முக்கியம். எல்லாத்துக்குமே வெச்சுக்குங்க.”

யிங் அதைப் படித்துவிட்டு மறுபடியும் படித்தார். உதடு அசைந்தது.

“இது நான் எழுதலைம்மா. மேலிடத்து மெஷின் எழுதியிருக்கு.”

“உங்க கடைப் பேருதானே போட்டிருக்கு?”

“பேரு என்னுதுதான்.”

“அதான் அஞ்சு நட்சத்திரம் போட்டேன்” என்றாள் அவள், மெதுவாக.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் காதில் விழுந்தது முதலில் சொன்னது மட்டும்தான். மருமகளைப் பார்த்து, “வீட்டுச் செலவுல வாங்கினேன்னு சொன்ன. திருட்டுச் செருப்பையா என் காலுல மாட்டிவிட்ட?” என்றார்.

“அத்தை, நான் அப்படி இல்ல—”

“ஊரு விட்டு ஊரு ஆளு வந்து நிக்கிறான். எதிர் வீட்டுக்காரி பார்த்துக்கிட்டு நிக்கிறா.”

அவர் செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தார். உள்ளே போய் மற்ற ஜோடிகளையும் அள்ளிக்கொண்டு வந்து போட்டார். அதில் கைக்குள் அடங்கும் அளவில் ஒரு முயல் காதுச் செருப்பும் இருந்தது. மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் காலில் இருந்ததும் அந்தச் செருப்புதான். யாரும் சொல்லாமலே அவள் அதைக் கழற்றினாள்.

“அம்மா, தப்பு உங்க மருமக மேல இல்ல” என்றார் யிங். நான் அறிந்த நாளில் முதல் முறையாக அவர் குரல் கூர்ந்து கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது. “எனக்குத் தெரியாமப் போச்சு. காசு வேண்டாம்மா.”

“காசு வேண்டாம்னா இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க? பணம் அனுப்பறேன், உங்க கியூஆர் கோடைக் காட்டுங்க.”

யிங் தயங்கினார். கையை நீட்டிக்கொண்டே நின்றார் அம்மாள். பணம் வாங்கும் கியூஆர் கோடைக் காட்ட, காணொளி பதிவாகிக்கொண்டிருந்த அதே கைப்பேசியைத்தான் சட்டைப்பையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. திரையில் அந்தப் பெண்ணின் முகம் அசைந்துகொண்டிருந்தது. அவளும் பார்த்தாள். அம்மாள் தன் கைப்பேசியால் பணத்தைச் செலுத்தினார். அடுத்த நொடி, கடைக்குப் பணம் வந்தால் உரக்கச் சொல்லும்படி அமைத்திருந்த அந்தக் கைப்பேசி, மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி, கொஞ்சலான பெண் குரலில், தொகையைச் சொல்லி வாழ்த்தும் சொன்னது.

கதவு மூடியது. நியாயம் பேச வந்த நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. யிங் முழங்காலை மடக்கிக் குனிந்து, சிதறிக் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து, மூக்கு கதவைப் பார்க்கும்படி சுவரோரமாக வைத்தார். சின்னதைக் கடைசியில் வைத்தார். கதவைத் தட்டப்போன கையை இறக்கிக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் காணொளியை அழித்தார். கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. எவருக்கும் பதில் எழுதவில்லை. வீடு சேர்வதற்குள் அபராதம் விழுந்திருந்தது.

அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்ப அவர் பட்ட பாடு ஆலியேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பணம் வந்தது அம்மாளின் கணக்கிலிருந்து, அதில் பேர் பாதி மறைக்கப்பட்டிருந்தது. மருமகளுக்குச் செய்தி அனுப்பலாம் என்றால், முடிந்துபோன வியாபாரத்தைப் பற்றி வாங்கியவரோடு பேசக்கூடாது என்று மேலிடம் தடுத்தது. மேலிடத்துக்கே போன் செய்தார். “சொல்லுங்க செல்லம், உங்களுக்கு என்ன உதவி வேணும்?” என்று ஒரு மெஷின் கேட்டது. தன் பெயரில் இனிமேல் யாரும் பதில் எழுதக்கூடாது என்று அதனிடம் எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தார். “உங்க மனக்கஷ்டம் எங்களுக்குப் புரியுது செல்லம்” என்றது. அடுத்த வாரம், வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் தொந்தரவு செய்ததாகச் சொல்லி, குளிர்காலம் முடியும்வரை கடையைத் தேடுதலில் வராமல் செய்துவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரி புகார் கொடுத்தாளா, அந்தப் பெண்ணே கொடுத்தாளா, தெரியாது.

“அவ குடுத்திருந்தாலும் நியாயம்தான்” என்றார் யிங்.

“பெரிய நியாயம்” என்றாள் ஆலியேன். “சீசன் போச்சு. ரோட்டுல உக்காந்து விக்கிறியா?”

விற்றார். புத்தாண்டு வரை காய்கறிச் சந்தை வாசலில் தரையில் துணி விரித்து விற்றார். நல்ல வியாபாரம் என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே செருப்பை வாங்குகிறவர்கள் காலை நுழைத்துப் பார்த்து, முகத்துக்கு நேரே பேரம் பேசி, முகத்துக்கு நேரே திட்டினார்கள். அவரும் திட்டினார். இப்போது கடை மறுபடியும் மேலிடத்தில் தெரிகிறது. மறுபடியும் செல்லம் எழுதுகிறார்.

நேற்று மாலை நான் அங்கே இருந்தபோது எதிர்க் கடையிலிருந்து இணையத்தில் துண்டு விற்கும் மோ லிச்சுன் உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண். அழுதிருந்தாள்.

“அண்ணே, எனக்கும் ஒருத்தன் பண்ணிட்டான். காசும் போச்சு, துண்டும் போச்சு. ஹாங்ஜோக்காரன். நீங்க அன்னைக்கு நேரா வீட்டுக்கே போய் வாங்கிட்டு வந்தீங்களாமே. எப்படிப் போனீங்க, என்ன கேட்டீங்க, எனக்கும் சொல்லுங்கண்ணே. நான் வீடியோ எடுக்க ஆளைக்கூடப் பேசி வெச்சிருக்கேன்.”

யிங் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் ஒட்டி முடித்த பெட்டி ஒன்று இருந்தது. ஒட்டும் நாடாவை எடுத்து, காதைக் கிழிக்கிற சத்தத்தோடு இழுத்து, அந்தப் பெட்டியின் மேல் இன்னொரு சுற்று ஒட்டினார். அவள் “அண்ணே” என்றாள். அவர் மறுபடியும் இழுத்தார்.