மினாகுச்சியின் வயிற்று வலி

தொயாமாவில், மலைவிடுதிகளுக்குச் சரக்கு தூக்கும் ஹெலிகாப்டரைப் பராமரித்து முடித்ததும், முதல் ஓட்டத்தில் மெக்கானிக்கும் ஏறியாக வேண்டும். மினாகுச்சி இருபது வருடமாக ஏறியவர். போன மாதம் அவர் ஏறியிருந்தபோது மலைக்காற்று வண்டியைத் தூக்கிப்போட்டதிலிருந்து, கதவுப் பக்கம் போகவே அவருக்குப் பயம்.

"இன்னிக்கு வயிறு சரியில்லப்பா. நீ மட்டும் போயிட்டு வா."

விமானி தொகாஷி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். "நீங்க ஏறாத வண்டியில நான் ஏறணுமா? நல்லா இருக்கே!" என்றவன், உதவியாட்களைப் பார்த்துக் கத்தினான். "டேய், எஞ்சின் மூடியெல்லாம் கழட்டுங்கடா!"

கட்டிவந்த சோற்று உருண்டையைக்கூடப் பிரிக்காமல், சாயங்காலம் வரை ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. பயம் என்று சொல்ல மினாகுச்சிக்கு வாய் வரவில்லை. முகத்தைக் காட்டாமல் டார்ச் பிடித்து நின்றார்.

"ஒண்ணும் இல்லையே," என்று ஒருவன் அலுத்துக்கொண்டான்.

"அண்ணன் சும்மா ஏறாம இருக்க மாட்டாருடா," என்றான் தொகாஷி. "முதல்லேர்ந்து பாருங்க."