ஆமிக்காரர் பார்த்த கலியாணம்

என் கலியாண வீடியோவை என் சொந்தக்காரர்களைவிட ஆமிக்காரர்கள்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் ஒரே ஒரு தடவை பார்த்தார்கள், அதுவும் தங்கள் முகம் வந்து போகும்வரைதான். ஹேவாஹெட்ட வீதியிலும் மடுல்கெல்லப் பாதையிலும் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களோ, கெமராவின் துளையில் ஒற்றைக் கண்ணை வைத்து, சலிக்காமல் பார்த்தார்கள். அதற்கு முழுக் காரணமும் நான்தான்.

வடக்கில் யுத்தமும் தெற்கில் கிளர்ச்சியும் நடந்துகொண்டிருந்த காலம். நான் கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவருக்குத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் ஆசை வந்தது. அவரை நான் சேர் என்றுதான் கூப்பிடுவேன். என்னிடம் சொந்தக் கெமரா இருந்தது, நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். இந்த இரண்டுக்காகத்தான் சேர் என்னைத் தேர்ந்தெடுத்தார். என் திறமையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஹேவாஹெட்டயில் முதல் நாள் படப்பிடிப்புக்குப் போனால், கொழுந்து பறிக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் பட்டுச்சேலையில் நின்றார்கள். தலையில் பூ, முகத்தில் பவுடர், அதற்கு மேலே கூடைக் கயிறு. வீடியோ கெமரா என்றால் அவர்களுக்குக் கலியாணம்தான். கங்காணி ஒரு கதிரையைத் தூக்கி வந்து தேயிலைக்கு நடுவே போட்டு, பெண்ணைப் பெற்றவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். சேர் நொந்துபோய், இயல்பாக இருக்கச் சொல்லிக் கெஞ்சினார். அவர் கெஞ்சக் கெஞ்ச அவர்கள் இன்னும் விறைப்பாக நின்றார்கள்.

எனக்கு இது புதிதில்லை. கலியாண வீட்டிலும் கெமரா அலுத்துப்போன பிறகுதான் மனிதர்கள் மனிதர்களாக இருப்பார்கள். அதனால் இரண்டு நாட்கள் கசெட்டே போடாமல் கெமராவைத் தோளில் வைத்துக்கொண்டு மலை ஏறி இறங்கினேன். மூன்றாம் நாள் என்னை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டுச்சேலைகள் பெட்டிக்குப் போயிருந்தன, கங்காணி வழக்கம்போல ஏசிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் கசெட் போட்டேன். இந்த விஷயத்தைச் சேரிடம் சொல்ல மறந்துவிட்டேன். முந்தின நாள் நான் எடுத்த ஒரு காட்சி அற்புதம் என்று அவர் பாராட்டியபோது தலையைக் குனிந்துகொண்டேன். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு தமிழர்கள், ஒரு கெமரா, கசெட்டில் ஒரு பாலம். பாலத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்டார்கள். பாலத்தில் ஒரு பெண் கூடையோடு நடந்து போனாள் என்றேன். அவளை ஏன் எடுத்தாய் என்றார்கள். அதற்குச் சேர் பெண் உழைப்பைப் பற்றித் தன் அழகான ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். விளக்கம் முடியும்போது பொழுது சாய்ந்திருந்தது. எங்களை விட்டுவிட்டு கசெட்டை வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு தோன்றியதுதான் அந்த உபாயம். ஒவ்வொரு புதுக் கசெட்டின் தொடக்கத்திலும் பத்து நிமிடம் ஒரு கலியாணத்தைப் பிரதி பண்ணிவிடுவது, அதற்குப் பின்னால் படத்தை எடுப்பது. சோதிப்பவர் கசெட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றிப் போட்டால் நாதஸ்வரக்காரர் கன்னத்தை ஊதிக்கொண்டு வருவார். யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் இன்னொருவன் கலியாணத்தைப் பார்க்க மாட்டார்கள். வாடிக்கையாளரின் கலியாணத்தை இப்படிச் சந்தியில் காட்டுவது தொழிலுக்குத் துரோகம். ஆகவே என் கலியாணம்.

அந்தக் கலியாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையே கெமராக்காரன் என்பதால் என்னோடு வேலை செய்தவன்தான் படம் எடுத்தான். அவன் லைட்டைத் தப்பான பக்கம் பிடித்தான். மணவறையில் உட்கார்ந்த என்னால் எழுந்து போக முடியவில்லை, அதனால் புருவத்தாலேயே கட்டளை போட்டேன். இடப்பக்கம் வா, கிட்ட வா, மூக்கை எடுக்காதே. வீடியோ முழுக்க நான் பெண்ணைப் பார்க்கவேயில்லை. புருவம் மட்டும் ஏறி இறங்குகிறது. தாலி கட்டும்போதும்.

அந்த வீடியோவில் மணவறைக் காட்சி எதிலும் என் மாமனார் இல்லை. மனைவியை இழந்தவர் என்பதால் மணவறைப் பக்கமே அவர் வரவில்லை. தம்பதியாக நின்று தாரை வார்த்துக் கொடுத்தது அவருடைய அண்ணனும் அண்ணியும். அவர் சமையல் கட்டுக்குள் புகுந்துகொண்டார். கெலிஓயாவில் அவருக்கு ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை இருந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடையோடு வீடும் எரிந்தபோது போட்டோக்கள் எல்லாம் போய்விட்டன. எஞ்சியது அடையாள அட்டைப் படம் ஒன்று. அதில் அவர் பொலிஸ் தேடும் ஆள் மாதிரி இருப்பார். பந்திப் பகுதியில் மட்டும்தான் வீடியோவில் வருவார், சாம்பார் வாளியோடு.

உபாயம் நன்றாக வேலை செய்தது. ஒரு நாள் மட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோ டெக்கில் பிரதி ஓடவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தபோது டீவியில் மாமனார் வாளியோடு நின்றார். பத்து நிமிடத்துக்குப் பதிலாகப் பந்திவரைக்கும் போயிருந்தது. சேருக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. “உம்மட கலியாணம் என்ர படத்தைத் திண்டுபோட்டுது ஐசே” என்றார். கசெட்டில் மிச்சமிருந்த இடத்தில் மடுல்கெல்லத் தோட்டத்தை எடுத்தோம். விதி பாருங்கள், அந்தக் கசெட்டைத்தான் சாவடியில் ஒரு கோப்ரல் பிறகு ஆறுதலாகப் பார்ப்பதாகச் சொல்லி வாங்கி வைத்தார். திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனி நான் செய்த மடத்தனம். கடைகளைத் திறக்கக் கூடாது என்று கிளர்ச்சிக்காரர்கள் துண்டுப் பிரசுரம் ஒட்டி, கண்டி முழுக்கக் கதவைப் பூட்டியிருந்த ஒரு வாரம். எங்கும் புதுக் கசெட் இல்லை. ஹேவாஹெட்டயில் மன்மதன் எரிந்து ரதி அழும் காமன் கூத்து, எங்களுக்காகப் பகலிலேயே ஒரு சுற்று ஆடிக் காட்டச் சம்மதித்திருந்தார்கள். அலுமாரியைத் திறந்தேன். என் கலியாணத்தின் அசல் கசெட் இருந்தது. தலையில் கலியாணம் ஏற்கெனவே இருக்கிறது, பிரதி பண்ணும் வேலைகூட இல்லை. பின்னால் இருப்பது வெறும் பந்தி, ஊரார் சாப்பிடுவதை யார் திரும்பப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பந்தியின் மேல் கூத்தை எடுத்து, சேருக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, கசெட்டை அதே இடத்தில் வைத்தேன்.

சில மாதங்களில் மாமனார் நெஞ்சுவலி என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து வந்தவர்கள் கிளம்பியதும் மனைவி சொன்னாள்:

“என்னங்க, அந்தக் கலியாண கசெட்ட போடுங்க. அப்பாவ ஒருக்கா பாக்கணும்.”

டெக் பழுது என்று சொல்லிவிட்டேன். சொன்னதை உண்மையாக்குவதற்காக அதன் பெல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நான் ஸ்டூடியோவுக்குப் போன நேரம் அவள் பக்கத்து வீட்டு டெக்கை இரவல் வாங்கி வந்திருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழையும்போது கலியாணம் ஓடிக்கொண்டிருந்தது. என் புருவம் ஏறி இறங்கியது. தாலி கட்டி முடிந்தது. பந்தி வர வேண்டிய இடத்தில், சேலை கட்டிய ஓர் ஆண், ரதி வேடத்தில், மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்.

அவள் கசெட் முடியும்வரை பார்த்தாள். எங்காவது ஒரு மூலையில் வாளி தெரியாதா என்று பார்த்திருக்கிறாள். பிறகு டெக்கை அணைத்தாள்.

“அப்பா ஒரு எடத்துல கூட இல்லையே” என்றாள்.

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஊருக்கெல்லாம் அவரவர் அப்பாவைப் படமெடுத்துக் கொடுத்தவன், வீட்டில் இருந்த ஒரே அப்பாவை அழித்துவிட்டேன்.

சேரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் தன் படத்தைத் தின்ற கசெட்டை நினைவுபடுத்தினார். பந்தி அதில் இருந்தது. ஆனால் அது இருந்தது ஆமி முகாமில். முகாமுக்குள் போன தமிழர்களைத் தேடித்தான் மற்றவர்கள் போவார்கள், கலியாணக் கசெட் கேட்டு யாரும் தானாகப் போனதில்லை. நான் போகிறேன் என்றதும் சேர் வேண்டாம் என்று தடுத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் டை கட்டிக்கொண்டு என் வாசலில் நின்றார்.

“நானும் வாறன். நீர் தனியப் போனா உம்மைத் தேடவும் நான்தானே வரவேணும்” என்றார்.

வாசல் காவலாளிக்கு நாங்கள் சொன்னது விளங்கவில்லை. உங்கள் ஆள் யாரையாவது பிடித்து வைத்திருக்கிறோமா என்று கேட்டார். என் மாமனாரை என்றேன், அவர் சாம்பார் வாளியோடு இருப்பார் என்றேன். சேர் என் காலை மிதித்தார். எங்களைச் சுவரோரம் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். சேர் டையை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கோப்ரல்தான் வந்தார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பயத்தில் எனக்குப் புருவம் தானாக ஏறி இறங்கியிருக்க வேண்டும். அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே பார்த்துச் சிங்களத்தில் கூப்பிட்டார். புருவக்கார மாப்பிள்ளை வந்திருக்கிறான், வந்து பாருங்கள் என்றார். ஏழெட்டுப் பேர் வந்து பார்த்தார்கள்.

முகாமில் ஒரு டீவியும் டெக்கும் இருந்தன. கசெட் என்று இருந்தது என்னுடையது ஒன்றுதான். மழைநாட்களில் அதையே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். யார் என் மச்சான், யார் கூடுதலாக அப்பளம் வாங்கியவர் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் புருவத்தில் ஏன் அந்த வலிப்பு என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். கோப்ரல் மட்டும் வேறொன்று கேட்டார். வாளியோடு ஓடித் திரிகிறாரே அந்த மனிதர், அவர் யார், கடைசியில் சாப்பிட்டாரா இல்லையா என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்களாம்.

பெண்ணின் அப்பா என்றேன். போன மாதம் இறந்துவிட்டார் என்றேன்.

கோப்ரல் உள்ளே போய் கசெட்டைக் கொண்டுவந்தார். பந்திக்குப் பின்னால் யாரோ தேயிலை பறிப்பது அலுப்பாக இருந்ததால், அதன் மேல் கிரிக்கெட் மெட்ச் ஒன்றைப் பதிந்துவிட்டதாகச் சொல்லி, என்னிடம் குறை நினைக்க வேண்டாம் என்றார். மடுல்கெல்லயில் எடுத்தது முழுவதும் போய்விட்டது என்று அர்த்தம். நான் சேரின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் கோப்ரலுக்குக் கை கொடுத்து நன்றி சொன்னார். வெளியே வந்து வீதியில் வெகுதூரம் நடந்த பிறகுதான், எந்த மெட்ச் என்றாவது கேட்டிருக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து பெல்ட்டை மாட்டி, கசெட்டைப் போட்டேன். மனைவி கதவருகில் நின்றாள், உட்காரவில்லை. புருவம், தாலி, பந்தி. மாமனார் வாளியோடு வந்தார். இலை இலையாகக் குனிந்து ஊற்றினார், யாரோ வேண்டாம் என்று கையை மறிக்க, அதற்கு மேலும் ஊற்றினார். மனைவி மெதுவாக வந்து தரையில் உட்கார்ந்தாள். வரிசை முடிந்ததும் அவர் நிமிர்ந்து, கெமராவை நேராகப் பார்த்தார்.

“தம்பி, நீங்க சாப்பிடலயே. அத வச்சிட்டு வாங்க, எல போட்டுருக்கேன்.”

படம் எடுத்த என் நண்பன் கெமராவை நிறுத்தாமலே பக்கத்து மர வாங்கில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறான். தொழில் தெரியாதவன் என்று அவனை எத்தனை தடவை ஏசியிருக்கிறேன். படம் சரிந்து கிடந்தது. ஓர் இலை, சோறு, சாம்பார் ஊற்றும் ஒரு கை, அதில் பழைய தீக்காயத் தழும்பு. வெட்கப்படாமல் சாப்பிடச் சொல்லும் அவர் குரல்.

“நீங்க சாப்பிட்டீங்களாப்பா?” என்று மனைவி டீவியைக் கேட்டாள்.

அதற்குள் கிரிக்கெட் வந்துவிட்டது. வெள்ளை உடுப்பில் ஒருவர் தூரத்திலிருந்து ஓடி வந்து பந்து போட்டார். அவள் அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எத்தனையோ நாட்களுக்குப் பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சாப்பிட்டீங்களா?”

இல்லை என்றேன். அவள் எழுந்து போய் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள்.