முதுகு பார்க்கும் அக்கா

யாராவது மேசைமேல் கிட்டாரை வைத்தால், அக்கா உடனே அதைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார். கொண்டுவந்தவர் அதன் முகத்தைப் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார். தந்திகளின் அதிர்வைப் பிடிக்கும், தங்கத்தாள் போல மின்னும் பிக்கப்புகளையோ, வரிசையாக நிற்கும் சுவிட்சுகளையோ அக்கா ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உடலும் கழுத்தும் சேரும் இடத்தில், பின்புறம் ஒரு சின்னத் தகடு, நான்கு திருகாணிகள். அவற்றின்மேல் விரலை ஓட்டுவார். நான்கும் ஒரே ரகம். அதற்குப் பிறகுதான் மூச்சு விடுவார்.

பழைய ஜப்பான் மின்கிட்டார்களை இனம் கண்டு விலை சொல்வது அவர் தொழில். அச்சகத்துக்கும் தையல் கடைக்கும் நடுவே, இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அறை. விற்க வருபவர்கள் தங்களுக்குள் 'முதுகு அக்கா' என்று சொல்லிச் சிரிப்பது அவருக்கும் தெரியும்.

"மூஞ்சிய யாரு வேணா மாத்திடலாம்பா. முதுகுக்கு நடிக்கத் தெரியாது" என்பார்.

ஒரே தொழிற்சாலை ஒரே கிட்டாரைப் பல கடைகளுக்குப் பல பெயர் ஒட்டி அனுப்பிய காலம் அது. அதனால் தலையில் ஒட்டிய பெயரை அவர் சட்டை செய்வதில்லை. பிக்கப் மூடியின் வடிவத்தையும் கழுத்து மரத்துண்டுகள் ஒட்டப்பட்ட விதத்தையும் பார்த்தே எந்தப் பட்டறைப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்.

"அபூர்வம்னு நெட்ல போட்டிருக்கேக்கா?"

"அப்ப நெட்டுகிட்டயே வித்துடு. என்கிட்ட ஏன் வந்த?"

அக்காவின் அண்ணனிடம் அப்படியொரு கிட்டார் இருந்தது. ஓரம் கறுப்பு, நடுவில் சிவப்பு. ஒருநாள் அண்ணனும் தங்கையும் ஆர்வக்கோளாறில் அதன் கழுத்தைக் கழற்றினார்கள். திரும்பப் பூட்டும்போது ஒரு திருகாணியைக் காணோம். அண்ணன் பின்கதவின் கீலிலிருந்து தடித்த திருகாணி ஒன்றைக் கழற்றி, மரம் முனக முனக முறுக்கி ஏற்றினார். கதவு சாய்ந்தது. அப்பா கேட்டபோது இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

பின்னொரு நாள் அப்பாவோடு வாய்த்தகராறு முற்றி, அண்ணன் அந்தக் கிட்டாரோடு வீட்டை விட்டுப் போனார். போனவர் போனவர்தான். அவர் கட்டிலுக்கடியில் பெருக்கும்போதுதான் தொலைந்த திருகாணி துடைப்பத்தில் மாட்டியது. இன்று அது அக்காவின் சாவிக்கொத்தில், மெல்லிய கம்பி சுற்றித் தொங்குகிறது.

என்றாவது அந்தக் கிட்டார் தன் மேசைக்கு வரும், விற்றவரைப் பிடித்தால் அண்ணனைப் பிடிக்கலாம் என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தார். ஆனால் வந்துவிட்டால்? அண்ணன் அதைக் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம். அல்லது கைவிட அண்ணனே இல்லை என்று. வராதவரை அவர் எங்கோ வாசித்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் விரல் மூன்று திருகாணிவரை வேகமாகப் போகும், நான்காவதில் தயங்கும்.

போன வாரம் ஒரு பெண் போர்வையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். கறுப்பு ஓரம், சிவப்பு நடு. அக்கா கவிழ்த்தார். மூன்று திருகாணிகள், நான்காவது துளை காலி.

"இது யாரோடதும்மா?"

"எங்க வீட்டுக்காரரோட சித்தப்பாது. பரண்ல கெடந்துச்சு."

"அவரு... இருக்காரா?"

"இல்லக்கா. தவறிப் பல வருஷம் ஆச்சு."

அக்கா சாவிக்கொத்தை எடுத்துக் கம்பியைப் பிரித்தார். அண்ணன் கீலாணி ஏற்றிய துளை என்றால் அகன்றிருக்கும். அதில் இந்தத் திருகாணி பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றும். துளையில் வைத்துத் திருப்புளியால் மெல்லத் திருப்பினார்.

மரம் கவ்வியது. இன்னொரு சுற்று. இன்னும் இறுக்கமாகக் கவ்வியது.

அண்ணனுடையது இல்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டார்.

"அட, அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கே! அதையே விட்ருங்கக்கா. நாலும் ஒண்ணுபோல இருந்தா நல்ல விலை போகும்ல?"

"போகும்மா."

சொல்லிக்கொண்டே, ஏற்றியதைவிட நிதானமாக அதைக் கழற்றினார். கம்பியைச் சுற்றி மறுபடி சாவிக்கொத்தில் மாட்டினார். பிறகு எழுந்து, சுவரில் தொங்கிய தன் சொந்தக் கிட்டாரை இறக்கி, மடியில் கவிழ்த்து, அந்தக் காலித் துளைக்காக அதன் முதுகிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றத் தொடங்கினார்.