சாரின் கை

எங்கள் யோகா வகுப்பில் சார் பெண்களைத் தொடமாட்டார். நல்ல பழக்கம்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் புஜங்காசனத்தில் ஒருத்தியின் தோள் காதுவரை ஏறி நிற்கும்போது, தள்ளி நின்று "தோளை இறக்கு, தோளை இறக்கு" என்று கத்தினால் இறங்கிவிடுமா? வகுப்பு தொடங்கிய புதிதிலேயே அவர் என்னைப் பார்த்து, "பிள்ளே, நீ அவளுக்க தோளைக் கொஞ்சம் பிடிச்சு விடு" என்றார். பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக, சுசீந்திரம் ரோட்டிலுள்ள அந்த மண்டபத்தின் மாடியில், சார் சொல்லுவார், நான் பிடிப்பேன்.

யாருக்கு இடுப்பு வளையாது, யாருக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கிறது, யார் வீட்டில் அடிவாங்கிவிட்டுத் தூக்கத்தில் சுளுக்கியது என்று பொய் சொல்கிறாள், எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். ரிட்டயர்ட் ஆன டீச்சர் ஒருவருக்குக் கழுத்தெலும்பு தேய்மானம். சாரிடம் சொல்லக் கூச்சம். சர்வாங்காசனம் வந்தால் அவர் தோளுக்கடியில் போர்வையை மடித்து வைத்து, காலை முழுக்க மேலே போகவிடாமல் பாதியிலேயே பிடித்துக்கொள்வேன்.

முட்டி தேய்ந்துபோய், வகுப்பை ஒப்படைக்கப்போவதாகச் சார் சொன்னபோது, "அக்கா, இனி நீங்கதான்" என்றார்கள் பெண்கள். எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒப்படைக்கும் விழாவில் கட்டுவதற்கென்றே சந்தன நிறத்தில் சேலை எடுத்தேன். "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை.

குரு பூர்ணிமா அன்று மேடையில் சார் தன் மருமகனைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். துபாய் வேலையை விட்டு வந்தவன். ஒரு மாதப் பயிற்சி, ஒரு சர்டிபிகேட். "பரம்பரையா வாற வித்தை, குடும்பத்துக்குள்ள நிக்கணும்" என்றார் சார். பிறகு என்னைக் காட்டி, "இவ எனக்க கையாக்கும். இனி மருமவனுக்கும் கையா இருப்பா" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன், மானங்கெட்டவள்.

பந்தி முடிந்ததும் கேட்டேன். "சார், உங்களுக்குச் சொல்லித் தந்தவருக்கு நீங்க மருமவனா?"

"கோவத்துல பேசாத மக்கா. தலைமைன்னா நாலு எடத்துக்குப் போவணும், நாலு பேர்ட்ட பேசணும். உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி?"

போவதை நிறுத்தினேன். என் பின்னால் நாலு பேராவது வருவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி வரவில்லை. "இப்ப மைக் எல்லாம் வச்சிருக்கு அக்கா, நல்லா கேக்குது" என்றாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்த ஒருத்தி. போ, நல்லா கேளு.

டீச்சருக்கு மட்டும் மனசு கேட்காமல் போன் போட்டேன். "போர்வை இல்லாம காலைத் தூக்கிராதீங்க டீச்சர்." அவர் சிரித்தார். "அந்தத் தம்பி முறைப்படி படிச்சிட்டுல்லா வந்திருக்கு!" கொஞ்ச நாளில் கழுத்துப் பட்டையோடு படுக்கையில் கிடந்தார்.

அந்த வாரமே சார் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நம்பிக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"நீ நின்னிருந்தா டீச்சருக்கு இப்பிடி வருமா பிள்ளே? அந்தரத்துல விட்டுட்டுப் போயிட்டியே" என்றார்.

 அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். "நாளைக்கே வா. மருமவன் சொல்லுவான், நீ பிடிச்சாப் போதும்."

"வாறேன் சார். முன்னால உக்காந்து நானே நடத்துகேன். சம்மதமா?"

காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மருமவன்ட்ட கேக்கணும்" என்றார்.

எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி கேட்கவில்லை. இன்னொரு தடவை முயன்றுவிட்டு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் பக்கம் கையை நீட்டினார். "ஒண்ணு பிடிச்சு விடு மக்கா."

நான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"இஞ்ச வாருங்க, சாரைக் கொஞ்சம் பிடிச்சு விடுங்க."